மார்பகத்துக்கு மருந்து, தாடையில் புண், தொடையில் வலி

கிள்ளானில் ஒரு பல் கிளினிக். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முன் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் இடம் இன்னும் ஆறவில்லை. ஈறு விலகி, உள்ளே மஞ்சள் ஓடிய வெள்ளையாக எலும்பு தெரிகிறது. "சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா?" என்று டாக்டர் கேட்கிறார். இல்லை என்கிறார் அம்மா. நான்கு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்ததையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியில் 'எலும்பு ஊசி' ஏற்றிக்கொள்வதையும் அவர் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. வாய்க்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை எலும்பைத் தொடும் என்பது பொதுவாகத் தெரிந்த செய்தி. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் வற்றச் செய்வதால் எலும்பு மெலியும், மூட்டு வலிக்கும். காலையில் விரலை மடக்க முடியாமல் அவதிப்படும் பெண்கள் ஏராளம். டாக்டர்கள் இதை முன்கூட்டியே சொல்கிறார்கள், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கிறார்கள், கால்சியமும் வைட்டமின் டி-யும் தருகிறார்கள். இங்கே எடுத்துக்கொள்வது அவற்றைவிட அரிதான தொல்லைகளை: தாடை எலும்பு செத்துப்போவது, தொடை எலும்பு குறுக்கே முறிவது, ஊசியை நிறுத்தியதும் முதுகெலும்பு நொறுங்குவது, கதிர் பட்ட விலா எலும்பு உடைவது. இவை அரிதானவை என்பதாலேயே பேசப்படுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இவற்றில் எதுவும் முதலில் புற்றுநோய் டாக்டரின் மேசைக்கு வருவதில்லை. தாடை பல் டாக்டரிடம் போகிறது, தொடை மசாஜ் நிலையத்துக்குப் போகிறது, முதுகு, எலும்பு டாக்டரிடம் போகிறது. நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது, அவர் என்ன மருந்து எடுத்தார் என்ற செய்தி அவரோடு சேர்ந்து போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மருந்துக்கும் மருத்துவருக்கும் பெரிய பஞ்சமில்லை. இந்தச் செய்திதான் வழியில் தொலைந்துபோகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியை நிறுத்திவிடக் கூடாது. எலும்பு ஊசி வெறும் சத்து ஊசி அல்ல. 18,766 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்து தந்தபோது 10 ஆண்டுகளில் மார்பகப் புற்றால் இறப்பவர்கள் 100-க்கு 18.0 என்பதிலிருந்து 14.7 ஆகக் குறைந்தார்கள் என்று காட்டியது. எலும்பில் நோய் திரும்புவது 8.8 விழுக்காட்டிலிருந்து 6.6 ஆனது. உயிரைக் காக்கும் மருந்து இது. நோய் எலும்பில் பரவிவிட்டவர்களுக்கோ முறிவையும் வலியையும் தள்ளிப்போடும் மருந்து. மலேசியாவில் மார்பகப் புற்றோடு வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது. சீனப் பெண்களுக்கு அடுத்தபடியாக இந்தியப் பெண்களுக்கே இந்நோய் அதிகம் வருகிறது. ஆகவே இந்த ஊசி நம் வீடுகளில் பலருக்குப் பழகிய பொருள்.

நம் எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டுக் கட்டப்படுவது. பழைய எலும்பை அரிக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம் வேலை செய்கின்றன. புற்றுநோய் எலும்பில் குடியேறும்போது அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பிஸ்பாஸ்போனேட் வகை எலும்பு ஊசியான சொலெட்ரோனிக் அமிலம் எலும்பிலேயே ஒட்டிக்கொண்டு அந்தச் செல்களை முடக்குகிறது. ஊசியை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் எலும்பில் தங்கும். இன்னோர் எலும்பு ஊசியான டெனோசுமாப் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் எலும்பில் தங்குவதில்லை. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

அரிப்பது நின்றால் பழுதுபார்ப்பதும் நிற்கும். அன்றாட நடையில் எலும்பில் விழும் நுண்ணிய விரிசல்களை அரித்தெடுத்து அடைக்க ஆள் இல்லாமல் போகிறது. தாடை எலும்பில் இந்தப் புதுப்பிப்பு உடம்பின் மற்ற எலும்புகளைவிட வேகமாக நடக்கும். அதற்கு மேலே மெல்லிய ஈறு ஒன்றுதான் போர்வை. வாய் முழுக்க கிருமி. பல்லைப் பிடுங்கினால் எலும்பு நேரே வெளிக்காற்றுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் கையிலோ காலிலோ வராதது தாடையில் வருகிறது.

2003-இல் மயாமி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க்ஸ், பிஸ்பாஸ்போனேட் எடுத்த 36 பேருக்குத் தாடை எலும்பு வெளித்தெரிந்ததை ஒரு கடிதமாக எழுதினார். மறுவருடம் நியூயார்க்கிலிருந்து ருஜியேரோ குழு 63 பேரைப் பற்றி எழுதியது. பழைய மருத்துவ நூல் படித்தவர்களுக்கு இது வேறொன்றை நினைவூட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை இப்படித்தான் அழுகியது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் இந்நோய் அங்கே பேரச்சமாக இருந்தது. 1906-இல் பெர்ன் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கைதான் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தது. இன்று தாடை நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வரையறை எளிமையானது: இத்தகைய மருந்து எடுத்தவருக்கு, தாடையில் கதிர்ச் சிகிச்சை செய்யாத நிலையில், எலும்பு 8 வாரத்துக்கு மேல் வெளித்தெரிந்தால் அல்லது ஈற்றிலுள்ள துளை வழியே எலும்பு தட்டுப்பட்டால் இந்நோய். நான்கில் மூன்று கீழ்த் தாடையில் வருகிறது.

எத்தனை பேருக்கு வரும் என்பதில்தான் குழப்பம், குழப்பத்துக்குக் காரணம் மருந்தின் அளவு. எலும்பு மெலிவுக்கு மட்டும் மருந்து எடுப்பவர்களில் 10,000 பேரில் 2 முதல் 5 பேர். நோய் எலும்பில் பரவி, மாதா மாதம் ஊசி போடுபவர்களில் 100-க்கு 1 முதல் 2 பேர். 2010-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் சொலெட்ரோனிக் அமிலத்துக்கு 1.4 விழுக்காடு, டெனோசுமாபுக்கு 2.0 விழுக்காடு. நோய் பரவாதவர்களுக்கும் டெனோசுமாபை 120 மில்லிகிராம் கணக்கில் நெருக்கமாகக் கொடுத்துப் பார்த்த டி-கேர் ஆய்வில் 4,509 பெண்கள் சேர்ந்தார்கள். புற்று திரும்புவது குறையவில்லை. தாடை நோய் மட்டும் மருந்து பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கு வந்தது. அதே டெனோசுமாபை 60 மில்லிகிராமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எலும்பைக் காக்க மட்டும் கொடுத்த ஆஸ்திரிய ஆய்வில் 3,400-க்கும் மேற்பட்ட பெண்களில் தாடை நோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எலும்பு முறிவு பாதியாகக் குறைந்தது. ஆக, பல் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி "ஊசி போடுறீங்களா?" என்பதோடு முடியக் கூடாது. "எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, எத்தனை வருடமாக?" என்பதும் சேர வேண்டும். அந்த ஒரு பதிலிலேயே ஆபத்து எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். ஊசி தொடங்கும் முன் பல்லைப் பார்த்துவிட வேண்டும். ஆடும் பல், வேர் சீழ்ப்பிடித்த பல் எதுவானாலும் அப்போதே எடுத்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, பிறகு ஊசி. சரியாகப் பொருந்தாத பல் செட் ஈற்றை உரசினால் அதுவே புண்ணுக்கு வழி. நம் மூத்த பெண்களில் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போட்டுப் பழகியவர்கள் உண்டு. வலி வந்தால் மட்டுமே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். மார்பகப் புற்று என்று தெரிந்ததும் வீடே பதறும் வாரத்தில் பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? நினைவூட்ட வேண்டியது மருத்துவமனைதான். லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அதன் பல் மருத்துவப் புலமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. அரசு பல் கிளினிக்குகள் பள்ளத்தாக்கு முழுவதும் உண்டு. தேவைப்படுவது ஒரு பக்கக் கடிதம்.

நோய் வந்துவிட்டால்? பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு, தேவைப்படும்போது ஆன்டிபயாட்டிக், தானாகப் பிரிந்து வரும் எலும்புத் துண்டை மெதுவாக எடுப்பது. முற்றினால் அறுவை. பல மாதம் இழுக்கும் நோய் இது.

அடுத்தது தொடை. இது நம் அண்டை நாட்டோடு சம்பந்தப்பட்ட கதை. 2007-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய அடி ஏதுமில்லாமல் தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்து வந்த 13 பெண்களைப் பார்த்தார்கள். அவர்களில் 9 பேர் அலெண்ட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரையை நெடுநாள் எடுத்தவர்கள். அந்த 9 பேரில் 5 பேருக்கு முறிவதற்குப் பல மாதம் முன்பே அந்தக் காலில் வலி இருந்திருக்கிறது. 3 பேருக்கு மறு காலிலும் அதே மாற்றம் தொடங்கியிருந்தது. எலும்பை உறுதியாக்கும் மருந்தே எலும்பை முறிக்குமா என்று அப்போது உலகம் ஐயப்பட்டது. 2010-இல் அமெரிக்க எலும்பு ஆய்வுச் சங்கத்தின் குழு இதற்குத் தனி வரையறை எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

எக்ஸ்ரேயில் இந்த முறிவு தனித்துத் தெரியும். வயதானவர் வழுக்கி விழுந்து உடைவது இடுப்புக்கு அருகே, சிதறலாக, சாய்வாக இருக்கும். இதுவோ தொடையின் தண்டுப் பகுதியில், வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, சுண்ணாம்புக் கட்டியை ஒடித்ததைப் போல நேர்குறுக்காகப் போகும். முறிவதற்கு முன்பே அந்த இடத்தில் எலும்பின் வெளிப்பட்டை சற்றுத் தடித்து, பறவை அலகு மாதிரி சிறு மேடாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இந்த மேடு ஒரு நல்வாய்ப்பு. அப்போதே கண்டுவிட்டால் கம்பி வைத்து முறிவைத் தடுக்கலாம்.

2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வுதான் நம்மை நேராகத் தொடுவது. தென் கலிபோர்னியாவில் 196,129 பெண்களைத் தொடர்ந்ததில் 277 பேருக்கு இம்முறிவு வந்தது. வெள்ளையரைவிட ஆசியப் பெண்களுக்கு ஆபத்து 4.84 மடங்கு. மருந்து எடுக்கும் காலம் நீள நீள ஆபத்து ஏறியது, நிறுத்தியதும் விரைவாக இறங்கியது. ஆசியர் என்று அந்த ஆய்வு பலரையும் ஒரே கூடையில் போட்டது, அதனால் அந்த மடங்குக் கணக்கை அப்படியே ஒவ்வோர் இனத்துக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. எலும்பு மெலிவுக்காக மருந்து எடுத்தவர்களின் கணக்கு அது என்பதையும் மறக்கக் கூடாது. அதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது: மூன்று வருடம் மருந்து எடுத்த 10,000 ஆசியப் பெண்களில் 91 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும், 8 பேருக்கு இந்த அரிய முறிவு வரும். கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்தால், முறிவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழியிருந்தது என்பது பெரிய விஷயம்.

இங்கேதான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வருகிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் இந்த வட்டாரத்தில் பார்வையற்ற மசாஜ்காரர்களின் நிலையங்கள் நெடுங்காலமாக உண்டு. தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை பெற்றவர்கள், கை பட்டதும் எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். தொடையில் வலி வந்தால் நம் பெண்கள் முதலில் தைலம் தேய்ப்பார்கள். பிறகு உருவிவிடப் போவார்கள். எலும்பு டாக்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. லெட்ரோசோல் எடுப்பவருக்கு ஏற்கெனவே மூட்டெல்லாம் வலிப்பதால், "மருந்துதானே, அப்படித்தான் இருக்கும்" என்று புதிய வலியையும் பழைய வலியோடு சேர்த்துவிடுவார்கள். சிலருக்கு நரம்புப் பிடிப்பு என்று சொல்லி இடுப்பை மட்டும் எக்ஸ்ரே எடுத்து அனுப்புவதும் நடக்கிறது. தொடையின் நடுப்பகுதி படத்துக்குள்ளேயே வராது. மசாஜ் நிலையங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் செய்தியைக் கொண்டுசேர்ப்பதே சரியான வேலை. மார்பகப் புற்றுக்கு எலும்பு ஊசி போட்ட பெண், தொடையிலோ கவட்டிலோ நடக்கும்போது வலி என்று வந்தால், அழுத்தித் தேய்க்காமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவைக்கலாம். எக்ஸ்ரே எடுப்பவர் இரண்டு தொடையையும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை எடுக்க வேண்டும். ஏனெனில் ஒரு காலில் வந்தது மறு காலிலும் காத்திருக்கலாம்.

நோய் எலும்பில் பரவியவர்களுக்கு இன்னொரு சிக்கல். தொடை முறிந்தால், புற்று அரித்ததால் முறிந்ததா, மருந்து நெடுநாள் போனதால் முறிந்ததா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முன்னதற்குக் கதிரும் மருந்தைத் தொடர்வதும் தேவைப்படலாம். பின்னதற்கு மருந்தை நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இதைப் பிரித்தறிய, எலும்பு டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் ஒரே படத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டெனோசுமாபுக்கு வேறு வகைத் தொல்லை ஒன்றும் உண்டு, அது ஊசி போட்டதால் வருவதில்லை, போடாமல் விட்டதால் வருகிறது. இம்மருந்து எலும்பில் தங்குவதில்லை என்று முன்பே சொன்னேன். ஆறு மாதம் முடிந்ததும் அதன் பிடி விடும். அதுவரை அடக்கி வைத்திருந்த அரிக்கும் செல்கள் ஒரேயடியாக எழும்பும். சில மாதங்களில் ஒன்றல்ல, இரண்டு மூன்று முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கிய பெண்கள் உண்டு. மார்பகப் புற்றுள்ளவருக்கு முதுகெலும்பு நொறுங்கினால் வீட்டில் எல்லாரும் முதலில் நினைப்பது நோய் பரவிவிட்டது என்றுதான். கோவிட் காலத்தில், மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி அப்பாய்ண்ட்மெண்டுகள் தள்ளிப்போன வேளையில், எலும்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டன: டெனோசுமாப் ஊசியை 7 மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது. ஊருக்குப் போனேன், பேரன் பிறந்தான், தீபாவளி வந்தது, தேதி தவறிவிட்டது என்று சாதாரணமாக விட்டுவிடும் ஊசி அல்ல இது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், பிஸ்பாஸ்போனேட் ஒன்றைத் தொடர்ந்து கொடுத்து எலும்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். டெனோசுமாப் ஊசியால் இரத்தத்தில் கால்சியமும் இறங்கலாம், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இன்னும் எளிதாக. வெயில் கொளுத்தும் நாட்டில் இருந்துகொண்டே, வெயில் படாமல் வாழும் நகரப் பெண்களிடம் இக்குறை பரவலாக உண்டு. வாயைச் சுற்றி மரத்துப்போனால், விரல் இழுத்துப் பிடித்தால் அதைச் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது.

கதிர்ச் சிகிச்சையின் எலும்புத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இன்றைய இயந்திரங்களில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. மார்புக்குக் கதிர் வைக்கும்போது அடியிலுள்ள விலா எலும்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. அந்த எலும்பு இருமினால், புரண்டு படுத்தால்கூட உடையலாம். பழைய ஆய்வுகளில் 100-க்கு 2 பேருக்கும் குறைவாகவே வந்தது, தானாகவே ஆறிவிடுவது. தொல்லை அதன் பின்விளைவில். எலும்பு ஸ்கேனில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். அறிக்கையில் 'பரவல் இருக்கலாம்' என்று ஒரு வரி வந்துவிட்டால் அந்தப் பெண் எத்தனை இரவு தூங்க மாட்டார்! கதிர் வைத்த பக்கம் எது, எந்த ஆண்டு என்று ஸ்கேன் கடிதத்தில் எழுதியிருந்தால், படிப்பவர் சந்தேகத்தை எளிதில் தீர்த்துவிடலாம். மிக மிக அரிதாக, கதிர் பட்ட இடத்தில் பல ஆண்டு கழித்து சார்கோமா என்ற வேறொரு புற்று எழும். பிரான்சில் 7,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த பழைய ஆய்வொன்றில் 10 ஆண்டில் ஆயிரத்தில் இருவருக்கு வந்தது. கதிர் வைத்த இடத்தில் புதிதாகக் கட்டியோ கருநீலத் தடிப்போ வந்தால் காட்டிவிட வேண்டும் என்பதற்கு அந்த இருவரே போதும்.

இன்னும் சில உண்டு. கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெதசோனால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் நின்று சரிவது ஒன்று. பிஸ்பாஸ்போனேட்டால் காதுத் துவாரத்தின் எலும்பு செத்து, ஆறாத சீழ் வடிவது இன்னொன்று. இதைப் பற்றி 2015-இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இவற்றைப் பார்க்காமலேயே ஒரு மருத்துவர் ஓய்வு பெறலாம்.

ஊசியின் இடைவெளியிலும் மாற்றம் வந்திருக்கிறது. எலும்பில் பரவியவர்களுக்கு சொலெட்ரோனிக் அமிலத்தை மாதா மாதம் கொடுப்பதற்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தாலும் எலும்புப் பாதுகாப்பு குறையவில்லை என்று 1,822 நோயாளிகளைச் சேர்த்த அமெரிக்க ஆய்வு 2017-இல் காட்டியது. குறைந்த ஊசி என்றால் கிள்ளானிலிருந்து கமூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூருக்கு அலைவது குறையும், ஒருநாள் சம்பளம் மிச்சம், தாடைக்கும் ஓய்வு. மாதா மாதம் போடுபவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேட்கலாம், கேட்பது உரிமை.

நோயாளியின் கையில் இருக்க வேண்டியது ஒரு சிறு அட்டை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்நாட்டின் சுகாதாரக் கிளினிக்குகள் புத்தகம் கொடுத்து, எங்கே போனாலும் கொண்டுவரச் சொல்லிப் பழக்கியிருக்கின்றன. எலும்பு ஊசி போடும் பெண்ணுக்கும் அப்படி ஒன்று கொடுக்கலாம்: மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசி ஊசி, அடுத்த ஊசி, கதிர் வைத்த பக்கமும் ஆண்டும், கடைசியாகப் பல் பார்த்த நாள். மலாயில் எழுதியதன் கீழே தமிழிலும் சீனத்திலும் மூன்று வரி: பல் பிடுங்கும் முன் இதைக் காட்டவும், தொடை வலித்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவும், ஊசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை, கைப்பேசியில் ஊசிப் பெட்டியின் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஊசி போடும் நர்ஸிடம் கேட்டால் காட்டுவார். உங்கள் மகளின் கைப்பேசிக்கும் அதை அனுப்பிவிடுங்கள்.